மார்த்தாவின் பெயர் பென்சிலில் இருந்தது

ஐயா,

இன்று காலை உங்கள் பென்சிலைச் சீவினேன். காய்கறி வெட்டுகிற கத்தியால், நீங்கள் சீவுகிற மாதிரியே வெளிப்பக்கமாக. முதல் சுருள் விழுந்ததும் அந்த வாசம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற வாசத்தில் பாதி அதுதான். மற்றப் பாதி பாண் மாவும், சீரகம் போலிருந்தும் சீரகம் இல்லாத அந்த விதையும். பச்சைப் பூச்சு உரிந்து, என் சின்னவிரல் அளவுக்கு வந்துவிட்ட பென்சில். மூன்று வருடமாகச் சுவாமித் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. உந்தப் பென்சிலை ஏன் அங்கே வைத்திருக்கிறீர் என்று இவர், என் வீட்டுக்காரர், ஒருநாள் கேட்டார்.

மேசையில் தமிழ்ப் பேப்பர்க்காரர் தந்த படிவம் இருக்கிறது. அம்மா போய் ஆறு நாள். கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், கனடா விசாவுக்குக் காத்திருந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. மரண அறிவித்தல் எழுத வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது என் வேலை. எல்லாருடைய பெயரும் நட்சத்திரமும் திதியும் என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும் என்று ஒழுங்கு தவறாமல் எழுதிக்கொண்டு போவேன். இன்று பிள்ளைகளின் முதற் பெயரிலேயே கை நின்றுவிட்டது. மூத்த மகன். என் அண்ணா. அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி.

உங்களிடம் கேட்கலாம் என்று கதவு வரைக்கும் நடந்திருப்பேன், நீங்கள் இருந்திருந்தால். நீங்கள் சொல்லுகிற பதில் என்னை இன்னும் குழப்பியிருக்கும் என்பதும் தெரியும்.

இங்கே கனடாவில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் பன்னிரண்டாம் மாடிக்குக் குடிவந்த முதல் மாதம் லிப்ற் பழுதானது. எட்டாம் மாடிப் படியில் ஒரு வெள்ளைக்காரர் மாவுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டின் எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தது. நான் பையின் ஒரு காதைப் பிடித்தேன், நீங்கள் மற்றக் காதை. நாலு மாடி ஏறினோம். உங்கள் கதவடியில் நீங்கள் குனிந்து என் கையைப் பிடித்து முத்தமிடப் போனீர்கள். நான் கையை இழுத்த இழுவையில் பை விழுந்து, இரண்டு பேரும் மாவாகிப்போனோம். அடுத்த நாள் நீங்கள் நடைபாதையில் என்னைக் கண்டு இரண்டு கையையும் கூப்பினீர்கள். கீழ்வீட்டுக்காரரைக் கேட்டுப் பழகினதாகப் பிறகு சொன்னீர்கள். மற்றவர்கள் எல்லாருக்கும் நீங்கள் பேக்கர். ஏதோ ஒரு பேக்கரியில் இருபது வருடத்துக்கு மேல் பாண் சுட்டவர், மனைவி இறந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். அவ்வளவுதான் கட்டடத்துக்குத் தெரியும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அகராதியை வைத்துக்கொண்டு இலவசப் பேப்பரில் இங்கிலீசு படித்தவள். உங்கள் இங்கிலீசும் ஒன்றும் பெரிதில்லை. அதனால்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டோம் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்னவற்றை இங்கே என் தமிழில்தான் எழுத முடியும்.

உங்கள் கடிதம் ஒன்று தவறி எங்கள் பெட்டிக்குள் வந்தது. உறையில் சின்னதாக ஒரு கிரீடம் அச்சடித்திருந்தது. கொண்டுவந்து தந்தபோது, இது எந்தக் கொம்பனி என்று கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு, கொம்பனி இல்லை, என் குடும்பம் என்றீர்கள்.

"என் அப்பாவுக்கு ஒரு நாடு இருந்தது. சின்னது. இங்கேயிருந்து ஸ்காபரோ போகிற தூரம்தான்."

நான் பகிடி என்று நினைத்தேன். ஜெர்மனியில் அப்படிப் பல சின்ன நாடுகள் இருந்தனவாம். ஒரு காடு, ஒரு ஆறு, நாலு ஊர், நூறு பேர்கூட இல்லாத ஒரு படை. நீங்கள் பிறந்தபோது பீரங்கி வெடிக்க வேண்டும் என்பது வழக்கம். ஆறு வெடி வெடித்தது. ஏழாவதுக்கு மருந்து நனைந்துவிட்டது. இரண்டாவது மகன்தானே என்று அப்பா பேசாமல் விட்டுவிட்டாராம். உங்களுக்கு ஆறு வயதாக இருக்கும்போது முதலாம் உலகச் சண்டை முடிந்தது. ஒரு காலை நாலு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அரண்மனைக்கு வந்து, மன்னிக்க வேண்டும், இனி நீங்கள் ஆள முடியாது என்று சொன்னார்கள். அப்பா அவர்களை இருத்தி, கோப்பி என்று சொல்லிக்கொண்டு ஏதோ வறுத்த தானியத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

இதை இவரிடம் வந்து சொன்னேன். அன்றிலிருந்து நான் உங்கள் வீட்டால் திரும்பிவந்தால், "என்ன மகாராணி, அரண்மனையால வந்தாச்சோ? இண்டைக்குச் சமையல் இருக்கோ?" என்றுதான் கேட்பார். அவருக்கு நீங்கள் இளவரசர் என்பதில் கடைசி வரைக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கும் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

நான் நம்பத் தொடங்கியது அந்தச் சின்னப் புத்தகத்தைக் கண்ட பிறகு. உங்கள் குடும்பத்தார் தங்களுக்குள் அச்சிட்டு வைத்திருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெயர், பிறந்த நாள், கலியாணம், பிள்ளைகள். உங்கள் அண்ணருக்கு அரைப் பக்கம். உங்களுக்கு ஒரு வரி: பெயரும் பிறந்த நாளும். அதற்குப் பிறகு வெறுமை. அந்த வெறுமையில் பென்சிலால், சின்ன எழுத்தில், மார்த்தா என்று எழுதியிருந்தீர்கள்.

அரண்மனைக் குசினிக் கதவுக்குக் காலையில் பாண் கொண்டுவருகிற பேக்கரின் மகள். உங்கள் குடும்பச் சட்டப்படி, சமமான வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும். அப்பா போன பிறகு அண்ணர்தான் வீட்டுக்குத் தலைவர். அவர் ஒரு தாளை நீட்டினார். எனக்கும் என் வழிக்கும் ஒன்றும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பேக்கரிக்கு மேல் அறையில் குடியேறி மாமனாரிடம் பாண் சுடப் பழகினீர்கள். ஆட்சியே இல்லாத வீட்டில் எதற்குச் சட்டம் என்று கேட்டேன். ஆட்சி போன பிறகுதான் சட்டம் இன்னும் இறுகியது என்றீர்கள். அது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் சனத்தையும் எனக்குத் தெரியுமே. அதற்குப் பிறகு வந்த சண்டைக் காலத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் தேத்தண்ணியைக் கலக்கத் தொடங்கிவிடுவீர்கள். சீனி கரைந்து எவ்வளவோ நேரமாகியும் கலக்குவீர்கள். நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

பதிலுக்கு நான் என் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அட்டவணை விளங்கியது. பெயர், நட்சத்திரம், திதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இது ஏன் வெறுமையாக இருக்கிறது?"

அண்ணாவின் மனைவிக்குரிய இடம். எனக்கு இங்கிலீசு வரவில்லை. கடைசியில், அவை எங்கட ஆக்கள் இல்லை என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்றீர்கள். கோபம் இல்லை. பென்சிலை எடுத்து என் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாண் வெட்டப் போனீர்கள். நான் எழுதவில்லை. எழுதுவதற்கு எனக்கு அவவின் பெயர் தெரியாது என்பதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் 'அவள்' என்றுதான் சொல்லுவார்கள்.

பங்குனி மாதம் கறுப்புக் கரை போட்ட கடிதம் வந்தது. உங்கள் அண்ணர் இறந்துபோனார். உங்களுடைய ஆட்களும் எங்களைப் போலத்தான். துக்கப்படுகிறவர்கள் எல்லாருடைய பெயரையும் அச்சடிக்கிறார்கள். மனைவி, மக்கள், மருமக்கள், பேரர். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வாசித்தீர்கள். பிறகு கீழிருந்து மேல். "பத்தொன்பது பேர்" என்றீர்கள். "நாய்களை விட்டுவிட்டார்கள். அண்ணர் வருத்தப்படுவார்."

உங்கள் பெயர் இல்லை. உறையில் மட்டும் இருந்தது.

அப்போதுதான் நான் உங்களுக்குச் சொன்னேன். யாருக்கும் சொல்லாததை. அப்பா ஊரில் இறந்தபோது அறிவித்தல் எழுதியவள் நான். அண்ணாவின் பெயர் வரக்கூடாது என்று மாமா போனில் சொன்னார், அப்பாவின் விருப்பமும் அதுதான் என்றார். நான் விட்டுவிட்டேன். இதே நகரத்தில், மல்வேர்னில் இருக்கிற அண்ணாவுக்கு ஒரு போன் எடுக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் ஸ்காபரோவில் தமிழ்க் கடையில் மீன் வாங்க நின்றபோது, அங்கே கிடந்த பேப்பரில்தான் அப்பா போனதைக் கண்டார். அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார். "அப்பா எத்தினை மணிக்குப் போனவர்?" அது மட்டும்தான் கேட்டார். சொன்னேன். வைத்துவிட்டார். அதன்பிறகு பேச்சில்லை.

நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். திட்டினால் சுகமாக இருக்கும்போலவும் இருந்தது. அல்லது பரவாயில்லை என்று சொல்வீர்கள். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. உங்கள் அண்ணர் செய்தது சரி என்றீர்கள். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்றீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. அப்படியென்றால் மார்த்தாவை ஏன் கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"அந்தச் சட்டம் பெறுமதி இல்லாதது என்றால், நான் மார்த்தாவுக்காக ஒன்றையும் விடவில்லை என்று ஆகிவிடும்."

எத்தனையோ தரம் இந்த வசனத்தை உருட்டிப் பார்த்துவிட்டேன், ஐயா. தோசை வார்க்கும்போது விளங்குகிறது மாதிரி இருக்கும். கல்லிலிருந்து எடுப்பதற்குள் போய்விடும்.

கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்ய ஆசைப்பட்டேன். உங்கள் பிறந்த நேரம் நிமிடத்தோடு அந்தப் புத்தகத்தில் இருந்தது. ஐயர் பழைய பஞ்சாங்கம் தேடிக் கணக்குப் போட்டு உத்தரட்டாதி என்றார். மார்த்தாவின் மோட்சத்துக்கும் ஒன்று செய்யக் கேட்டேன், அவர் பிறந்த நேரம் தெரியாது. பேக்கரி வீட்டில் யார் மணி பார்த்தார்கள்? நட்சத்திரம் தெரியாதென்றால் சுவாமி பேருக்குச் செய்யலாம் என்றார் ஐயர். நான் வந்து சொன்னதும் உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பார்த்தாயா? கடைசியில் அவள்தான் என்னைவிட உயர்ந்த வீட்டில்."

இனித்தான் நான் உங்களிடம் கேட்க வேண்டியது.

சித்திரையில், நிலத்து ஐஸ் கரைந்ததும், நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீற்காரில், அந்தத் தெரு ரயிலில், மார்த்தாவின் கல்லறைக்குப் போனோம். கல்லில் அவரின் பெயருக்குக் கீழே உங்கள் பெயர் ஏற்கெனவே வெட்டியிருந்தது, பிறந்த ஆண்டும் ஒரு கோடும். அந்தக் கோட்டைத் தட்டிக் காட்டி, நான் இங்கேதான் என்றீர்கள். வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன், உங்கள் பென்சிலைக் கேட்டு வாங்கி: சித்திரை, மனைவியோடு. எழுதுவது என் பழக்கம். எழுதாவிட்டால் எனக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரியாது.

ஐப்பசியில் உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மதியம் ரசம் கொண்டுவந்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. நீங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு, அரண்மனைத் தேவாலயத்துக்குக் கீழே இருக்கிற நிலவறையைப் பற்றிச் சொன்னீர்கள். அம்மா, சின்னதிலே இறந்துபோன தங்கச்சி, அவர்களுக்கு நடுவில் ஒரு இடம். நீங்கள் பிறந்த அன்றே உங்களுக்கென்று ஒதுக்கியது. கோடையிலும் அங்கே குளிருமாம். தங்கச்சியை அங்கே வைத்த அன்று நீங்கள் பயந்து அழ, அம்மா சொன்னாராம், ஒருநாள் நாங்கள் எல்லாரும் இங்கே ஒன்றாக இருப்போம் என்று.

"என்னை அங்கே அனுப்பச் சொல்லு" என்றீர்கள்.

நான் இரண்டாம் தரம் கேட்டேன். அங்கேயா? ஓம் என்றீர்கள், தமிழில். உங்களுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் அது ஒன்று. பிறகு ஜெர்மனில் நிறையக் கதைத்தீர்கள். அதில் மார்த்தா என்ற பெயர் வந்தது. என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. கொப்பியில் எழுதினேன்: ஐப்பசி, நிலவறையில். நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் அண்ணரின் மகன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நெட்டை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கழற்றினார். காலுறையில் ஒரு ஓட்டை. வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். வடையைக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டார். தன் அப்பா சாவதற்கு முன் மனம் மாறி, தம்பி விரும்பினால் அவரின் இடம் அவருக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் மனைவிக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். அதைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்றார். அந்தப் பெயரை அவரும் சொல்லவில்லை, கவனித்தேன்.

சித்தப்பாவோடு கடைசியாகப் பழகியவர் நீங்கள்தான், எங்கே என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

கொப்பி சமையலறை மேசை லாச்சிக்குள் இருந்தது. போய் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. எது முதல், எது கடைசி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மனைவியோடு என்றுதான் சொன்னார் என்றேன்.

நிச்சயமாகவா என்று திரும்பக் கேட்டார். நிச்சயமாக என்றேன். விபூதி பூசிய நெற்றியோடு சொன்னேன். இவர் அப்போது கதவடியில் நின்றுகொண்டிருந்தார். உங்கள் அண்ணர் மகனின் முகத்தில் வந்தது துக்கமா, பாரம் இறங்கினதா என்று எனக்கு இன்றைக்கும் பிரிக்கத் தெரியவில்லை. போவதற்கு முன் உங்கள் அறையில் அந்தச் சின்னப் புத்தகத்தைத் திறந்தார். பென்சில் எழுத்தைக் கண்டு வெகுநேரம் பார்த்தார். அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். அழித்திருப்பாரோ, விட்டிருப்பாரோ. மேசையில் கிடந்த பென்சிலை நான் எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

உங்களை மார்த்தாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் செய்தது பொய்யா, ஐயா? சாகிற நேரம் குழந்தையாகிவிட்ட ஒருவர் அம்மாவிடம் போகவேண்டும் என்று கேட்டதா அது, அல்லது அறுபது வருடம் வாயில் வராத உண்மையா? ஜெர்மனில் சொன்னது, மார்த்தாவையும் கொண்டுபோ என்றா, அவள் என்னை மன்னிப்பாள் என்றா? சில நாள் நான் உங்களுக்காகத்தான் சொன்னேன் என்று தோன்றும். சில நாள், எங்கள் வீட்டில் பெயர் இல்லாத ஒருத்திக்காக, அவவுக்குச் செய்யவேண்டியதை உங்கள் மார்த்தாவுக்குச் செய்துவிட்டுத் தப்பப் பார்த்தேன் என்று தோன்றும். வருடாவருடம் உங்கள் திதிக்கு ஐயரிடம் அரிசியும் காய்கறியும் கொடுக்கிறேன். எதற்கும் பதில் வருவதில்லை.

இன்று காலை படிவத்தோடு நான் இருந்த இருப்பைப் பார்த்து இவர் கேட்டார், "உம்மட அண்ணற்ர பேர் போடப் போறீரோ?"

"போடத்தான் வேணும். அவவின்ர பேரும்."

"போடும். ஆனா இந்த முறை கேட்டுப்போட்டுப் போடும். எல்லாருக்காகவும் நீரே முடிவெடுத்துக்கொண்டு இருக்காதையும்."

அவர் அன்றைக்குக் கதவடியில் நின்றவர். நிலவறைக் கதையை ஆஸ்பத்திரியால் வந்த அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன், அவருக்குத் தெரியும். இத்தனை நாள் ஒரு சொல் சொன்னதில்லை.

மல்வேர்னுக்குப் போன் எடுத்தேன். அண்ணாதான் எடுத்தார். குரல் அப்பாவின் குரலாக மாறியிருந்தது. அம்மா போனதைச் சொன்னேன். நேரமும் சொன்னேன், அவர் கேட்பதற்கு முன்பே.

"பேப்பருக்குக் குடுக்க முன்னமே சொல்லுறாய்," என்றார். "பரவாயில்லை, முன்னேற்றம்தான்."

நான் அதை வாங்கிக்கொண்டேன். பேர் போடலாமோ என்று கேட்டேன். போடு என்றார். அண்ணியின்ர பேர் என்று தொடங்கி நின்றேன்.

"என்ன, பேர் தெரியாதே உனக்கு?"

"தெரியாது அண்ணா."

போனைக் கையால் பொத்துகிற சத்தம். உள்ளே ஏதோ கதைத்தார்கள். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரும் என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த இடம் அப்படியே இருந்தது. பிறகு அவவின் குரல் வந்தது. நான் அதுவரைக்கும் கேட்டிராத குரல்.

"சொல்லுங்கோ, மச்சாள்."

அந்தச் சொல்லுக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. உங்கட பேரைப் போட உங்களுக்குச் சம்மதமோ என்று கேட்டேன். தான் என் அம்மாவை ஒருநாளும் கண்டதில்லை என்று அவ சொன்னா. கண்டிருந்தால் அம்மா எழும்பிப் போயிருப்பா என்றும் சொன்னா, சும்மா ஒரு செய்தி சொல்லுகிற மாதிரி.

"போடுறதெண்டா முழுப் பேரும் போடுங்கோ. சந்திரமலர். பிழையில்லாமல்."

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள், பென்சில் வைச்சிருக்கிறன், எழுதுறன்."

"பென்சில் வேண்டாம்," என்றா. "பேனையால எழுதுங்கோ."

பேனையால் எழுதினேன், ஐயா. படிவத்தில் ஒரு தரம், என் கொப்பியில் அந்த வெறும் இடத்தில் ஒரு தரம். நட்சத்திரம் கேட்க இன்று வாய் வரவில்லை. துடக்குக் கழிந்து கோயிலுக்குப் போகிற அன்று, அவவுக்கும் சுவாமி பேருக்குத்தான் அர்ச்சனை.

உங்களுடைய பக்கத்தையும் திறந்து பார்த்தேன். சித்திரையும் ஐப்பசியும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பென்சிலில் கிடக்கின்றன. ஒன்றைப் பேனையால் எழுதிவிட்டு மற்றதை அழிக்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். எதை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு, பென்சிலைச் சுவாமித் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன்.